மாதவலியும் சூலகப் புற்றும்

உடல் நோவுகளுள் மாதவிடாய்க் கால வலியைப் போல் எளிதிற் புறக்கணிக்கப்படுவது பிறிதொன்றில்லை. மணமானால் மாறும், பிள்ளை பெற்றால் தீரும் என்று வீட்டுப் பெரியோர் கூறுவர். மருந்தகத்தார் இரண்டு வலி மாத்திரைகளைக் கொடுத்து அனுப்புவர். அவ்வலியுள் ஒரு பகுதி உண்மையான ஒரு நோயின் அறிகுறி என்பதும், அந்நோய்க்கும் சூலகப் புற்றுநோய்க்கும் ஓர் உறவு உண்டு என்பதும் மருத்துவ உலகில் ஒரு நூற்றாண்டாகப் பேசப்பட்டு வருவன. அவ்வுறவு எத்தகையது, எவ்வளவினது, தெமோதரை போன்ற ஊவாத் தோட்டப்புறங்களில் அதனை அறிவதால் விளையும் பயன் யாது என்பன ஆராயத்தக்கன.

கருப்பையின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மென்படலம் மாதந்தோறும் ஓமோன்களின் ஏவலால் தடித்து, கரு தங்காதவிடத்து உதிர்ந்து, குருதியுடன் வெளியேறுகிறது. இப்படலத்தை ஒத்த இழையம் கருப்பைக்கு வெளியே, சூலகத்திலோ, குடலின் மேற்பரப்பிலோ, வயிற்றறையின் உட்போர்வையிலோ வேர்கொண்டு வளர்வதையே மருத்துவர் என்டோமெற்றியோசிஸ் என்பர். தமிழில் இதனை அகப்படல நோய் எனலாம். இடம் மாறிய போதிலும் இவ்விழையம் குணம் மாறுவதில்லை. மாதந்தோறும் அதுவும் குருதி கசிகிறது. கருப்பைக் குருதிக்கு வெளியேற வழி உண்டு, இதற்கு இல்லை. தேங்கிய குருதி அயலுறுப்புகளில் அழற்சியை உண்டாக்கி, அவற்றை ஒன்றோடொன்று ஒட்டச் செய்கிறது. சூலகத்தினுள் தேங்குமாயின் கபில நிறக் குழம்பு நிறைந்த பையாகிறது. அந்நிறம் பற்றி அதற்குச் சொக்கிலேற்றுக் கட்டி என்று பெயர். இத்துணைத் துயர் தரும் பொருளுக்கு இனிப்புப் பண்டத்தின் பெயர் வாய்த்தது விந்தையே. மகப்பேற்று வயதுப் பெண்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நோய் உண்டென உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. கடும் மாதவலி, உடலுறவின்போதும் மலங்கழிக்கும்போதும் வலி, மிகுந்த இரத்தப்போக்கு, பிள்ளைப்பேறின்மை ஆகியன இதன் குறிகள். சிலரிடத்து ஒரு குறியும் தோன்றுவதில்லை.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே ஒன்பது வளைவுப் பாலம் கட்டி முடிக்கப்பட்ட 1921 ஆம் ஆண்டிலேயே, அமெரிக்காவின் ஒல்பனி நகரத்து மகளிர் நோய் மருத்துவர் ஜோன் சம்சன், சூலகத்துச் சொக்கிலேற்றுக் கட்டிகளைப் பற்றிய தமது ஆய்வுரையை வெளியிட்டார். புகைவண்டி பதுளையை எட்டிய 1924 க்கு மறு ஆண்டில், இக்கட்டிகளின் இழையத்திலிருந்தே புற்று முளைக்கக்கூடும் என்பதை அவர் எடுத்துக்காட்டினார். அவ்வாறு ஒரு புற்றைக் குறிக்க வேண்டுமாயின், அதே சூலகத்தில் அகப்படல இழையமும் காணப்படவேண்டும். புற்று வேறிடத்திலிருந்து பரவியதாக இருத்தலாகாது. அதன் நுண்ணமைப்பும் அகப்படலத்தை ஒத்திருக்க வேண்டும் என்று அவர் வரம்பு வகுத்தார். 1953 இல் ஸ்கொட் என்பார், தீங்கற்ற இழையம் படிப்படியாகப் புற்றாக மாறும் நிலையையும் நுணுக்குக்காட்டியில் காணவேண்டும் என மேலுமொரு வரம்பைச் சேர்த்தார். இவ்விறுக்கமான வரம்புகளுக்குள் அடங்கிய நோயாளர் சிலரே. ஆதலின் நெடுங்காலம் இது அரிய நிகழ்ச்சி என்றே பாடநூல்களில் ஓரிரு வரிகளில் முடிந்தது.

பெருந்தொகையினரை ஒப்பிட்டு நோக்கும் முறை வளர்ந்த பின்னரே அதன் அளவு புலனாயிற்று. 13 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து, 7,911 சூலகப் புற்று நோயாளரையும் 13,226 நோயற்றோரையும் ஒப்பிட்ட முடிவு 2012 இல் வெளிவந்தது. சூலகப் புற்று என்பது ஒரு நோயன்று, பல நோய்களின் கூட்டம் என்பதை மனத்திற்கொண்டாலன்றி அம்முடிவு விளங்காது. அகப்படல நோயுடையோரிடத்துத் தெளிகலப் புற்று என்னும் வகை ஏறத்தாழ மும்மடங்காகவும், அகப்படலம் போன்ற அமைப்புடைய வகை இருமடங்காகவும் காணப்பட்டன. மிகுதியாகக் காணப்படுவதும் மிகக் கொடியதுமாகிய உயர்தரச் சீரப் புற்றுக்கோ இந்நோயோடு உறவு தென்படவில்லை. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 78,000 க்கும் மேற்பட்ட அகப்படல நோயாளரை ஆராய்ந்து 2024 இல் வெளியான அறிக்கையில், சூலகப் புற்று அவர்களிடம் மொத்தத்தில் 4 மடங்குக்குச் சற்று மேலாகவும், சூலகக் கட்டியோ ஆழ ஊடுருவிய நோயோ உடையோரிடம் 9 மடங்குக்கு மேலாகவும் காணப்பட்டது.

‘மடங்கு’ என்பது அச்சுறுத்தும் சொல். அதே யூட்டா அறிக்கையின்படி, 10,000 அகப்படல நோயாளருள் அந்நோயின் காரணமாக மிகையாக வந்த சூலகப் புற்றுகள் ஏறத்தாழ 10 மட்டுமே. மேல்நாட்டுக் கணிப்புகளின்படி பொதுவாக நூறு பெண்களுள் ஒருவருக்குச் சற்று மேற்பட்டோர் வாழ்நாளில் சூலகப் புற்றுக்கு ஆளாகின்றனர். அகப்படல நோயுடைய நூற்றுவருள்ளும் அத்தொகை இரண்டை எட்டுவதில்லை. ஆசிய நாட்டுச் சான்றாக யப்பானின் சிசுவோக்கா மாகாண ஆய்வைக் கூறலாம். அங்குச் சூலகக் கட்டியுடைய 6,398 பெண்களைப் பல்லாண்டுகள் தொடர்ந்து நோக்கியதில் 46 பேருக்கே புற்று தோன்றிற்று. நாற்பத்தைந்து வயதைக் கடந்தோரும் 9 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ பருத்த கட்டியை உடையோருமே அதிக இடருக்கு உள்ளாயினர். எனவே இந்நோயுடையாள் எவளும் புற்றை எதிர்நோக்கியிருப்பவள் என்பது பிழை. இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்பதும் பிழை.

காரணம் குறித்து ஒரு தெளிவு 2010 இல் பிறந்தது. தெளிகலப் புற்றுகளுள் ஏறத்தாழப் பாதியில் ஏ.ஆர்.ஐ.டி.1ஏ என்னும் பரம்பரையலகு பழுதுற்றிருந்தது. சில நோயாளரிடத்துப் புற்றை அடுத்திருந்த அகப்படல இழையத்திலும் அதே பழுது காணப்பட்டது. கலப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துவதில் பங்குடையது இப்பரம்பரையலகு. தேங்கிய குருதியிலுள்ள இரும்பும் ஓயாத அழற்சியும் கலங்களின் உட்கருவைச் சிதைத்து இத்தகைய பழுதுகளுக்கு வழிகோலுகின்றன எனக் கருதுவர். ஆயினும் 2017 இல் ஆராய்ந்தவர்கள், புற்று அறவே இல்லாத அகப்படல நோயாளரிடத்தும் புற்றுக்குரிய விகாரங்களைக் கண்டனர். விகாரம் ஒன்றே புற்றை ஆக்குவதில்லை என்பதே இதன் பொருள்.

இச்செய்திகள் தெமோதரையின் தேயிலை மலைக்கு எவ்வாறு பொருந்தும்? கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு வலி என்பது உடலின் கணக்கு மட்டுமன்று, கூலியின் கணக்குமாகும். குறித்த நிறை கொழுந்து கொடுத்தாற்றான் ஒரு நாட்பேர், குறைந்தால் அரைப்பேர். மாதத்தில் இரண்டு மூன்று நாட்கள் நிமிர்ந்து நிற்கவியலாத பெண், தலைக்கூடையின் வாரை நெற்றியில் மாட்டிக்கொண்டு செங்குத்துச் சரிவில் ஏறவேண்டும். மலையிலோ பெரும்பாலும் ஒதுங்குவதற்கு ஓர் இடமுமில்லை. வேலைக்குப் போனால் வலி, போகாவிட்டால் பேர் இல்லை என்ற நிலையில் அவள் வலியைச் சொல்லாமல் விடுவதே பழக்கமாயிற்று. தோட்ட வைத்தியம் வளர்ந்த வரலாறும் இதற்குத் துணை செய்தது. கொக்கிப்புழு, வயிற்றோட்டம், பிரசவம், சிசு மரணம் ஆகியவற்றை எதிர்கொள்ளவே அது எழுந்தது. அவற்றில் அது ஈட்டிய நன்மை சிறிதன்று. ஆனால் பிள்ளை பெறாத வேளையிலும் பெண்ணுக்குக் கருப்பை உண்டு என்ற நினைவு அதற்குக் குறைவாகவே இருந்தது.

மற்றொரு செய்தியும் உண்டு. சூலகக் குழாய்களைக் கட்டி அறுக்கும் கருத்தடைச் சத்திரசிகிச்சை, இலங்கையின் பிற பகுதிகளைவிடப் பெருந்தோட்டங்களில் மிகுதியாகச் செய்யப்பட்டு வந்தது. பணக்கொடையைக் காட்டி, பெண்ணின் முழுச் சம்மதம் பெறாமலே பலருக்கு அது செய்யப்பட்டது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதனை மறத்தல் தகாது. அச்சத்திரசிகிச்சை, அகப்படல நோயோடு உறவுடைய மேற்கூறிய இருவகைப் புற்றுகளையும் குறைக்கிறது என்பது பின்னர் அறியப்பட்டது. மாதக் குருதியிற் சிறிது குழாய்வழியே பின்னோக்கி வயிற்றறையுட் செல்வதே இந்நோயின் தோற்றுவாய் எனச் சம்சன் 1927 இல் கூறிய கருத்துக்கு இது ஓரளவு அரண் செய்கிறது. எனினும் எவரும் எண்ணிச் செய்யாத நன்மையைக் காட்டி, கேளாது செய்த செயலுக்கு நியாயம் தேட இயலாது. பன்முறை மகப்பேறும் தாய்ப்பாலூட்டலும் கருத்தடை மாத்திரையும்கூடச் சூலகப் புற்றின் வாய்ப்பைக் குறைப்பனவே. குடும்பநல மாதிடம் கிடைக்கும் அம்மாத்திரை, வைத்தியர் ஆலோசனையுடன் உட்கொள்ளின் அகப்படல வலிக்கும் மருந்தாகும். ‘பிள்ளை வேண்டாதவளுக்குரிய மாத்திரை’ என்ற எண்ணத்தினாற் கன்னிப்பெண்களின் வீட்டார் அதனை மறுத்துவிடுகின்றனர்.

1996 இல் தொடங்கப்பட்ட சுகவனிதையர் கிளினிக்குகளில் முப்பத்தைந்து வயதுப் பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுக்கும் மார்பகப் புற்றுக்கும் சோதனை செய்யப்படுகிறது. சூலகப் புற்றை அவ்வாறு வடிகட்டி எடுக்கும் சோதனை உலகில் எங்கும் இல்லை. ஐக்கிய இராச்சியத்தில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் இரத்தச் சோதனையாலும் ஸ்கேனாலும் முயன்று பார்த்தும் மரணம் குறையவில்லை என 2021 இல் அறிவிக்கப்பட்டது. அவ்விரத்தச் சோதனையின் அளவு அகப்படல நோயிலும் உயர்வதால் மயக்கமே மிஞ்சும். அச்சத்தினாற் சூலகங்களை முன்கூட்டியே அகற்றிவிடுவதும் எல்லார்க்கும் ஏற்றதன்று. எலும்பும் இதயமும் அதனால் நலிவுறும்.

செய்யக்கூடியது எளியது. மாதவலி பள்ளியையோ வேலையையோ தடுக்குமாயின் அது இயற்கை எனக் கொள்ளாது வைத்தியரை நாடவேண்டும். அறிகுறி தோன்றிப் பல ஆண்டுகள் கழித்தே இந்நோய் இன்னதென அறியப்படுகிறது என்பது செல்வநாடுகளிலும் காணப்படும் குறை. தமிழ் அறியாத வைத்தியரிடம் தன் அந்தரங்க வலியை அரைகுறைச் சிங்களத்தில் விளக்க வேண்டிய தோட்டப் பெண்ணுக்குத் தாமதம் மேலும் நீளும். வலி வந்த நாட்களையும் தன்மையையும் நாட்காட்டியிற் குறித்து எடுத்துச் செல்வாளாயின் அக்குறிப்பே பாதி வாக்குமூலமாகும். சொக்கிலேற்றுக் கட்டியைப் பெரும்பாலும் ஸ்கேனிலேயே காணலாம்; அதற்குத் தெமோதரையிலிருந்து பதுளைக்குச் செல்லும் சிறு பயணம் போதும். கட்டி உள்ளவர் என அறியப்பட்டோர் நாற்பத்தைந்தைக் கடந்தபின், கட்டி விரைந்து பருத்தாலோ, அதனுள் திண்மையான பகுதி தென்பட்டாலோ, வயிறு ஓயாது உப்பிச் சிறிதுண்டவுடன் நிறைந்துவிட்டாலோ, மாதவிடாய் நின்ற பின்னும் வலி மீண்டாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.