ரோதாங் கணவாயும் அருவிகளும்

இமாச்சலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டத்தில், பியாஸ் ஆற்றங்கரையில் அமைந்த மலைநகரம் மணாலி. கோடையில் அங்குச் செல்வோர் ஒரு நாளைப் பனிமலைக்கென ஒதுக்குவர். விடியற்காலையில் புறப்பட்டால், 51 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ரோதாங் கணவாயைக் கண்டு மாலைக்குள் திரும்பிவிடலாம்.

தேவதாரு மரங்கள் அடர்ந்த சரிவுகளில் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. வழியில் ரஹாலா அருவி பாறைகளினூடே இறங்குகிறது. காலையில் அது சற்று மெலிந்தே தோன்றும். குற்றால அருவியைப்போல மழையை நம்பியிருப்பது அன்று அது. மேலே உறைந்து கிடக்கும் பனி உருகினால்தான் அதற்கு நீர்வரத்து. இரவுக் குளிரில் பனி உருகுவது குறைகிறது. வெயில் ஏறியபின் மிகுகிறது. உருகிய நீர் கீழே வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். ஆதலால் பனிமலை ஓடைகள் பிற்பகலில்தான் பெருக்கெடுக்கின்றன. காலையில் எளிதாகத் தாண்டிய ஓடையை மாலையில் தாண்ட இயலாமல் போவதும் உண்டு.

மேலே செல்லச் செல்ல மரங்கள் மறைகின்றன. புல்வெளியும் அதன்பின் பனியும் தோன்றுகின்றன. தமிழில் புல்நுனியில் நிற்கும் துளியும் பனிதான். மார்கழி விடியலின் மூட்டமும் பனிதான். கையில் அள்ளி உருட்டக்கூடிய இதனையோ வெண்பனி என்று பிரித்துக் கூற வேண்டியுள்ளது. கணவாயின் உயரம் 3,978 மீட்டர். அங்குக் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் மூன்று பங்கே. எனவே பனியைக் கண்டவுடன் ஓடத் தொடங்கும் சிறுவர்களுக்கு விரைவிலேயே மூச்சு வாங்கும்.

சாலையோரப் பனி எப்போதும் வெண்மையாக இருப்பதில்லை. வண்டிப் புகையின் கரித்துகள் அதன்மேல் படிகிறது. தூய வெண்பனி தன்மேல் விழும் ஒளியின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். கரி படிந்த பனி ஒளியை உள்வாங்கி விரைவில் உருகும். பனி முன்கூட்டியே தீர்ந்துவிட்டால் பின்னர் அருவிக்கும் ஆற்றுக்கும் நீர் ஏது? இதனைக் கருதியே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கணவாய்க்குச் செல்லும் சுற்றுலா வண்டிகளுக்கு வரம்பு விதித்தது. நாளொன்றுக்கு 800 பெட்ரோல் வண்டிகளும் 400 டீசல் வண்டிகளும் செல்லலாம் என்பது அவ்வரம்பு. அனுமதிச் சீட்டுக் கிடைக்காமல் வருந்துவோர் பலர். ஆயினும் அவ்வருத்தம் பொறுக்கத்தக்கதே.

கணவாய்க்கு அப்பால் லாஹௌல் பள்ளத்தாக்கு உள்ளது. முன்பு பனிக்காலத்தில் கணவாய் மூடப்பட்டால், அங்கு வாழ்வோருக்கு மணாலி செல்ல மாதக்கணக்கில் சாலைவழி இராது. 2020 அக்டோபர் 3 அன்று, மலையைக் குடைந்து அமைத்த 9.02 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப்பாதை திறக்கப்பட்டபின் அந்நிலை மாறியது. கணவாயைக் கடந்து லாஹௌலில் இறங்கியவர்கள் இச்சுரங்கத்தின் வழியே மணாலி திரும்பலாம். சுரங்கத்துக்கு அருகிலுள்ள சிஸ்ஸு என்னும் ஊரில் நின்றால், சந்திரா ஆற்றின் எதிர்க்கரையில் மற்றோர் அருவி உயரத்திலிருந்து விழுவது தெரியும்.

கணவாயின் தென்புறம் உருகும் பனி பியாஸ் ஆற்றை அடைகிறது. வடபுறம் உருகுவது சந்திரா ஆற்றில் கலக்கிறது. சந்திரா ஆறு பாகா ஆற்றுடன் கூடிச் செனாப் ஆகிறது. பியாஸ் பஞ்சாபில் சட்லெஜுடன் சேர்கிறது. ஒரே கணவாயில் பிரிந்த அந்நீர், செனாபும் சட்லெஜும் பாகிஸ்தானில் ஒன்றுகூடுமிடத்தில் மீண்டும் கலந்து சிந்துவை நோக்கி ஓடுகிறது.