அன்றே வீடு திரும்பும் குழந்தை: பாதுகாப்பின் மறுபாதி

காலையில் அனுமதித்து, அறுவை சிகிச்சை செய்து, மாலையில் வீட்டுக்கு அனுப்பும் முறை குழந்தை மருத்துவத்தில் இன்று வழக்கமாகிவிட்டது. குடலிறக்கம், விரைவீக்கம், பல் அகற்றல் போன்றவற்றுக்கு இது பெரிதும் பயன்படுகிறது. படுக்கை தராமல் விரட்டுகிறார்களோ என்ற ஐயம் நம் மக்களுக்கு எழுவது இயல்பு. மருத்துவமனை வாசலில் தலைமுறைகளாகப் பெற்ற அவமதிப்பிலிருந்து பிறந்த ஐயம் அது. ஆயினும், வேறு நோயற்ற குழந்தைக்குச் செய்யப்படும் சிறு அறுவையில் இம்முறை பாதுகாப்பானது என்பதே மருத்துவ உலகின் நீண்டகால அனுபவம். மருத்துவமனைத் தொற்று, தாயைப் பிரியும் அச்சம், பெற்றோர் இழக்கும் கூலி ஆகிய மூன்றும் இதனால் குறைகின்றன.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஜேம்ஸ் நிக்கோல் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகள் மருத்துவமனையின் புறநோயாளர் பிரிவில் பத்தாண்டுகளில் நடந்த 8,988 அறுவைகளின் விவரத்தை 1909இல் வெளியிட்டார். ஏறத்தாழப் பாதிப் பேர் மூன்று வயதுக்குட்பட்டவர்கள். பல குழந்தைகளை மருத்துவமனைப் படுக்கையில் கிடத்தத் தேவையில்லை என்று வாதிட்ட அவரே, தாயும் கைக்குழந்தையும் தங்குவதற்கு மருத்துவமனைக்கு அருகில் ஒரு வீட்டையும் ஏற்பாடு செய்தார். பாதுகாப்பின் ஒரு பாதி அறுவை அரங்கில் இருக்கிறது. மறுபாதி, அன்றிரவு குழந்தை உறங்கும் இடத்தில் இருக்கிறது.

அறுவைக்குப் பின் வலியும் வாந்தியும் அடிக்கடி வருபவை. இரத்தக் கசிவும் மூச்சுத் திணறலும் அரியவை. ஆனால் உடனே கவனிக்கப்பட வேண்டியவை. குறைப்பிரசவத்தில் பிறந்து சில மாதங்களே ஆன சிசுவுக்கு மயக்க மருந்துக்குப் பின் மூச்சு நின்றுபோகும் ஆபத்து உண்டு. அச்சிசுவை இரவு முழுவதும் கண்காணிப்பில் வைப்பதே முறை. மற்றக் குழந்தைகளையும் நன்கு விழித்து, வலி அடங்கி, கசிவு இல்லையென உறுதியான பிறகே அனுப்ப வேண்டும். உடனிருக்க ஒரு பெரியவர், தொலைபேசி, இரவில் திரும்பி வர வாகனம் ஆகியவையும் நிபந்தனைகளே.

சாதி குறுக்கிடும் இடம் இதுதான். பேருந்து ஊரோடு நின்றுவிடுகிறது, சேரிக்கு வருவதில்லை. மறுநாள் வேலைக்குப் போகாவிட்டால் தாய்க்குக் கூலி இல்லை. இவற்றை விசாரிக்காமல் குழந்தையை அனுப்புவது அலட்சியம். விசாரித்துவிட்டு, வீடு சரியில்லையெனச் சிகிச்சையையே மறுப்பது அநீதி. வீட்டில் வசதி போதாதெனில், அன்றிரவு மருத்துவமனையில் படுக்கை தருவதே தீர்வு.

சட்டம் நம் பக்கம் நிற்கிறது. அவசர சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவை மீறுவதாகும் என்று பச்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. அவ்வழக்கில் காயமுற்றவரைத் திருப்பி அனுப்பச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று, படுக்கை இல்லை என்பதே. நள்ளிரவில் இரத்தக் கசிவோடு வரும் குழந்தைக்கும் இத்தீர்ப்பு பொருந்தும். ஒப்புதல் என்பது விளக்கம் பெற்ற ஒப்புதலாக இருக்க வேண்டும் என்று 2008இல் சமீரா கோலி வழக்கு வலியுறுத்தியது. புரியாத தாளில் வாங்கிய கைரேகை அந்த ஒப்புதல் ஆகாது.

எனவே, குடும்பத்தோடு மருத்துவமனைக்குச் செல்லும் தோழர்கள் டிஸ்சார்ஜ் தாளில் கையெழுத்திடும் முன் நான்கைக் கேட்டுப் பெற வேண்டும்: தமிழில் எழுதிய, வாயாலும் விளக்கிய அறிவுரை, ஆபத்து அறிகுறிகளின் பட்டியல், இரவில் அழைக்கத் தொலைபேசி எண், தேவைப்பட்டால் ஒரு படுக்கை. இவை சலுகைகள் அல்ல, சிகிச்சையின் பகுதிகள்.