கல்லான மரமும் கடலில்லாச் சிப்பிகளும்

கோடை விடுமுறை வந்ததும் பிள்ளைகளை உதகைக்கோ கொடைக்கானலுக்கோ அழைத்துச் செல்ல எண்ணுவோர் நம் பங்குகளில் பலர். ஏலாக்குறிச்சி அடைக்கல அன்னையின் திருத்தலத்துக்கு ஆண்டுதோறும் செல்லும் குடும்பங்களும் உண்டு. அப்பயணத்தோடு இன்னும் ஒரு நாளைச் சேர்த்துக்கொண்டால், பாலை நிலமாய்க் காட்சி தரும் பழைய கடலடி ஒன்றைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களிலேயே கண்டு வரலாம். சென்ற விடுமுறையில் நாம் அவ்வாறே சென்றோம்.

பாடாலூருக்குக் கிழக்கே காரை என்னும் சிற்றூர். அதை அடுத்துக் குளக்காநத்தம் வரை பழுப்பும் செம்மையும் கலந்த களிமண் மேடுகள், மழைநீர் அறுத்த ஓடைகளால் பிளவுண்டு கிடக்கின்றன. மரமில்லை, நிழலில்லை. மண்ணிடையே ஜிப்சத் தகடுகள் கண்ணாடித் துண்டுகளைப் போல் மின்னுகின்றன. காலை ஒன்பது மணிக்கே வெயில் சுட்டது. குடிநீரும் தொப்பியும் இன்றி இங்கே செல்வது அறிவீனம்; ஒரே ஒரு குடம் நீருடன் சென்ற நாம் அதைப் பட்டே அறிந்தோம்.

இம்மண் ஏறத்தாழ பத்துக் கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடியில் படிந்தது. ஆட்டுக்கடாவின் கொம்பெனச் சுருண்ட அம்மோனைட்டு, துப்பாக்கிக் குண்டு போன்ற பெலம்னைட்டு, சுறாவின் பல் ஆகியவை இதில் கிடைத்துள்ளன. இவ்வட்டாரத்துப் புதைபடிமங்களை 1840-களிலேயே ஆங்கிலேயர் திரட்டி இலண்டனுக்கு அனுப்பினர். பின்னர் ஸ்டோலிச்கா என்னும் அறிஞர் பல ஆண்டுகள் உழைத்து அவற்றை நூல்களில் விவரித்தார்.

அங்கிருந்து சாத்தனூர் சென்றோம். வேலிக்குள்ளே 18 மீட்டர் நீளமுள்ள அடிமரம் ஒன்று படுத்திருக்கிறது. 1940-இல் டாக்டர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தது, இன்று இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் காவலில் தேசியப் புவியியல் சின்னமாக விளங்குகிறது. ஆற்று வெள்ளம் அடித்துவந்த மரம் கடலோரச் சேற்றில் புதைந்தது. காற்றுப் படாமையால் அது விரைவில் மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மெல்ல மெல்ல மரத்தின் இடத்தைப் பிடித்தது. தொட்டால் கல்; பார்த்தால் மரம்.

"ஆறு நாளில் உலகம் உண்டானது என்று மறைக்கல்வியில் படித்தோமே, அப்பா! இது கோடி ஆண்டு என்கிறார்களே?" என்று எம் இளைய மகன் கேட்டான். இக்கேள்விக்கு அஞ்சியே சில பெற்றோர் இத்தகைய இடங்களைத் தவிர்ப்பர் போலும். தொடக்க நூல் படைத்தவர் யார் என்று கூறுகிறது. பாறையின் வயதை அளக்க அது எழுதப்படவில்லை. விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளைக் கருத வேண்டுமென 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் உரைத்தது. அவனுக்கு நாம் நீல்ஸ் ஸ்டென்சன் என்னும் டென்மார்க்கு மருத்துவரைப் பற்றிச் சொன்னோம். 1666-இல் இத்தாலியில் பிடிபட்ட பெருஞ்சுறாவின் தலையை அறுத்து ஆய்ந்த அவர், 'நாக்குக் கல்' என மக்கள் அழைத்தவை பழஞ்சுறாவின் பற்களே என்று தெளிந்தார். அடிப்படுகை மூத்தது, மேற்படுகை இளையது என்ற விதியை 1669-இல் வெளியிட்டார். இடையே 1667-இல் கத்தோலிக்கரானார்; பின்பு குருவானார்; 1677-இல் ஆயருமானார். 1988-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அவருக்கு முத்திப்பேறு பெற்றோர் நிலையை அளித்தார். "ஆயரா சுறாவை அறுத்தார்?" என்று பையன் வியந்தான். அறுத்தபோது அவர் ஆயரில்லை என்று திருத்த வேண்டியதாயிற்று!

திரும்பும் வழியில்தான் வருத்தம் நேர்ந்தது. அவனுடைய சட்டைப்பையில் காரையில் எடுத்த அம்மோனைட்டுத் துண்டு ஒன்று இருந்தது. கடிந்துகொள்ள வாயெடுத்த எமக்கு, பல ஆண்டுகளுக்கு முன் நாமே எடுத்துவந்து வீட்டு அலமாரியில் வைத்த சிப்பிக்கல் நினைவுக்கு வந்தது. வருவோர் எல்லாம் ஒவ்வொன்றாய் எடுத்துச் சென்றால் ஆய்வாளர்க்கு எஞ்சுவது வெறும் மண்ணே. கிடந்த இடம் தெரியாத கல்லால் படுகையின் கதையை அவர்களுக்குச் சொல்லவும் இயலாது.

வண்டியைத் திருப்பினோம். அவன் எடுத்த ஓடையிலேயே அதை வைத்தான். எம் அலமாரிக் கல் எங்கே கிடந்தது என்பது எமக்கே மறந்துபோயிற்று. மறுவாரம் அரியலூரை அடுத்த வாரணவாசிப் புதைபடிம அருங்காட்சியகத்துக்கு அதைக் கையில் எடுத்துக்கொண்டு சென்றோம்.