‘போதும்’ என்பதற்கு ஓர் எண் உண்டா?

எவ்வளவு வந்தால் போதும் என்ற கேள்விக்கு 2010-இல் விடை கிடைத்துவிட்டதுபோல் தோன்றியது. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர் ஆங்கஸ் டீட்டன் இருவரும் அமெரிக்கர்கள் அளித்த நாலரை லட்சம் பதில்களை அலசி, ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டினால் அன்றாட மகிழ்ச்சி மேலும் கூடுவதில்லை என்றார்கள். பத்திரிகைகள் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டன. வாழ்க்கையை ஒட்டுமொத்தமாக மதிப்பிடச் சொன்னால் மதிப்பெண் வருமானத்தோடு ஏறிக்கொண்டே போகிறது என்று அதே கட்டுரை சொன்னதை விட்டுவிட்டன. 2021-இல் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த், 33,000-க்கும் மேற்பட்டவர்களின் செல்போனில் திடீர் திடீரென்று ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுப் பார்த்தார். வருமானத்தோடு ஏறும் மகிழ்ச்சிக்கு உச்சவரம்பு எதுவும் தட்டுப்படவில்லை. கானமனும் அவரும் அறிக்கைப் போரில் இறங்காமல் (அறிவுலகில் இது அபூர்வம்) சேர்ந்தே தரவுகளைப் புரட்டினார்கள். மகிழ்ச்சி ஆகக் குறைந்த சுமார் ஐந்தில் ஒரு பங்கினருக்குத்தான் ஏற்றம் ஒரு லட்சம் டாலர் வாக்கில் நிற்கிறது, மற்றவர்களுக்கு நிற்பதில்லை என்று 2023-இல் எழுதினார்கள்.

அப்படியானால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆனால் அந்த ஏற்றம் மடங்குக் கணக்கில் நடப்பது. நம் ஊர்ச் சம்பளத்தில் சொன்னால், 20,000 ரூபாய் வாங்குபவருக்கு இன்னொரு 20,000 தரும் உயர்வை, 2 லட்சம் வாங்குபவர் பெற இன்னும் 2 லட்சம் வேண்டும். சம்பளம் இரட்டிக்கும், நாளின் 24 மணி நேரம் இரட்டிக்காது. ஆகவே எல்லையைப் பணம் தானாகக் காட்டித் தராது, நாமேதான் வைக்க வேண்டும். பொருளியலாளர் ஹெர்பர்ட் சைமன் 1956-லேயே சொன்ன வழி இதுதான்: தேவையான அளவை முதலில் வகுத்துக்கொள், எட்டியதும் தேடலை நிறுத்து.

நிறுத்தினால் நஷ்டம் இல்லையா? உண்டு. படிப்பை முடித்து வேலை தேடிய அமெரிக்க மாணவர்களை ஷீனா ஐயங்கார் குழுவினர் ஆராய்ந்து 2006-இல் வெளியிட்ட முடிவு அதைத்தான் காட்டியது. ஆகச் சிறந்ததையே பிடிப்பேன் என்று அலைந்தவர்களுக்குத் தொடக்கச் சம்பளம் 20 சதவீதம் கூடுதல்; கிடைத்த வேலையில் திருப்தியோ குறைவு, தேடிய நாட்களில் பதற்றம் அதிகம். பதற்றக்காரர்கள்தான் அப்படி அலைகிறார்கள் என்று மறுக்கவும் இடமுண்டு. ஓர் ஆய்வு அதைத் தீர்த்துவைக்காது. இன்னொரு மறுப்பு கனமானது: ‘போதும்’ என்பது இல்லாதவர் வாயை அடைக்க இருப்பவர் சொல்வது. மேலே சொன்ன மடங்குக் கணக்கே அதற்குப் பதில். ஒவ்வொரு ரூபாயும் அதிகப் பலன் தருவது அடிமட்டச் சம்பளக்காரருக்குத்தான். அவருக்கு நிறைவைப் பற்றி உபதேசம் செய்ய இந்த ஆய்வுகள் யாருக்கும் உரிமை தரவில்லை.