சங்கிலி ரம்பத்தின் மூன்று எண்கள்

ஆனி, ஆடி மாதங்களில் வீசும் காற்றை அறியாமல் கடையத்தில் யாரும் வாழ்ந்துவிட முடியாது. எங்கள் ஊருக்கு மேற்கே மலைத்தொடர் சுவர்போல் நிற்கிறது. அந்தச் சுவரிலே செங்கோட்டைக்கு அருகில் ஒரு வாயில் திறந்து கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தக் கணவாய் வழியே புகுந்து, குற்றாலத்தில் சாரலைத் தூவிவிட்டு, ஈரத்தைப் பெரும்பாலும் இழந்து, வேகத்தை மட்டும் இழக்காமல் எங்கள் பக்கம் வந்து சேருகிறது. தென்னை தலைவிரித்து ஆடும். முருங்கை முறிந்து விழும். சில ஆண்டுகளில் பழைய புளியமரங்களும் வேரோடு சாய்வதுண்டு.

மாணவ நண்பர்களே, அப்படிச் சாய்ந்த ஒரு புளியமரந்தான் இன்று நான் சொல்லப்போகும் விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆடி மாத மாலைப் பொழுதில் அந்த மரம் எங்கள் தெருவின் வாயிலை அடைத்துக்கொண்டு விழுந்தது. அதே வேளையில் தெருவின் உட்புறத்து வீடு ஒன்றில் முதியவர் ஒருவருக்கு மூச்சுத் திணறல் கண்டிருந்தது. அவரைத் தென்காசிக்கு அழைத்துச் செல்ல வேண்டும். காரோ மரத்துக்கு அப்பால் நிற்கிறது. மரம் அறுக்கும் தொழிலாளி ஒருவர் தமது சங்கிலி ரம்பத்துடன் ஓடி வந்தார். பாதி மரம் அறுத்திருப்பார். எந்தக் காலத்திலோ யாரோ அறைந்த இரும்பு ஆணி ஒன்று மரத்தினுள் புதைந்திருந்தது. அதில் மோதிச் சங்கிலி அறுந்துவிட்டது. மாற்றுச் சங்கிலி அவரிடம் இல்லை.

நான் முன்னே நின்று யோசனை சொன்னேன். மோட்டார் சைக்கிள் வைத்திருந்த ஒரு பையனைக் கூப்பிட்டு, "தம்பி, தென்காசிக்குப் போய் 18 அங்குல ரம்பத்துக்கு ஒரு சங்கிலி வாங்கி வா" என்று அனுப்பினேன். பையன் காற்றாய்ப் பறந்து போனான்; வாங்கியும் வந்தான். ஆனால் அந்தச் சங்கிலி பட்டையைச் சுற்றி வரவில்லை. ஏறக்குறைய இரண்டரை அங்குலம் குறைந்தது. இதற்குள் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வேறொரு பழைய சங்கிலி வந்தது. அது பட்டையைச் சுற்றி அழகாகப் பொருந்தியது. ஆயினும் தொழிலாளி அதைக் கையால் இழுத்துப் பார்த்துவிட்டுக் கழற்றிவிட்டார்.

"அளவுதான் சரியாக இருக்கிறதே, ஓட்டிப் பாருமேன்" என்றேன் நான்.

"ஓடத்தான் செய்யும் ஸார். மரத்துக்குள்ளே ஓடுமா, என் மேலே ஓடுமா, அதைத்தான் சொல்ல முடியாது" என்றார் அவர்.

கடைசியில் நால்வர் சேர்ந்து முதியவரைக் கட்டிலோடு தூக்கி மரத்தின் மேலாக அப்பால் இறக்கினோம். நல்ல வேளையாக அவர் பிழைத்துக்கொண்டார். மரத்தைக் கோடரியும் கைரம்பமும் கொண்டு வெட்டி முடிக்க நள்ளிரவாயிற்று. கடைக்காரர் மீது குற்றமில்லை; பையன் மீதும் குற்றமில்லை. நான் கேட்கச் சொன்ன கேள்வியே தவறானது. அந்தத் தவறு என்ன என்பதைப் பிறகு அந்தத் தொழிலாளியிடமே பாடம் கேட்டுக்கொண்டேன்.

முதலில் அந்த யந்திரத்தைச் சற்று அறிமுகம் செய்துகொள்வோம். கைரம்பம் போய்த் திரும்புகிறது. சங்கிலி ரம்பம் திரும்பாமல் ஒரே திசையில் சுற்றுகிறது. ஜெர்மனியில் ஆன்ட்ரியாஸ் ஸ்டில் என்பவர் 1926-இல் மின்சாரத்தால் ஓடும் சங்கிலி ரம்பத்தையும், 1929-இல் பெட்ரோலால் ஓடுவதையும் செய்தார். அந்நாளில் அதைத் தூக்க இருவர் வேண்டும். சங்கிலியின் பற்களும் கைரம்பத்தின் பற்களைப் போலவே இருந்தமையால் விரைவில் மழுங்கின. அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், 1946-இல் ஒரு மரக்கட்டையைத் துளைத்துக்கொண்டிருந்த வண்டின் புழுவைக் கண்டார். அந்தப் புழு மரத்தைப் பிறாண்டவில்லை. தன் தாடைகளால் வலமும் இடமுமாக மாறி மாறிச் சீவித் தின்றது. அதைப் பார்த்து அவர் வலம் ஒரு பல், இடம் ஒரு பல்லாக மரத்தைச் சீவும் சங்கிலியை அமைத்தார். இன்று நாம் காணும் சங்கிலிகள் பெரும்பாலும் அந்தப் பரம்பரையில் வந்தவையே.

இந்தச் சங்கிலியில் மூன்று வகை உறுப்புகள் உண்டு. மேலே மரத்தைச் சீவுகின்ற வெட்டுப் பல் ஒன்று. பற்களை இணைக்கின்ற பக்கத் தகடு மற்றொன்று. நடுவே கீழ்நோக்கிக் கூர்மையாக நீண்டிருக்கும் கண்ணி மூன்றாவது; இதைக் கடைகளில் 'டிரைவ் லிங்க்' என்பார்கள். நாம் ஓட்டுக் கண்ணி என்று சொல்வோம். இவை யாவற்றையும் ரிவெட்டு ஆணிகள் பிணைக்கின்றன. நீண்ட தட்டையான இரும்புப் பட்டையின் விளிம்பைச் சுற்றி ஒரு காடி ஓடுகிறது. ஓட்டுக் கண்ணியின் கீழ்முனை அந்தக் காடிக்குள் அமர்ந்து வழுக்கிச் செல்கிறது. யந்திரத்தின் பக்கம் வந்ததும் அதே முனை பல்சக்கரத்தின் பள்ளத்தில் விழுந்து இழுக்கப்படுகிறது. ஆகவே ஒரு சங்கிலி பொருந்துமா, பொருந்தாதா என்பதைத் தீர்மானிப்பது வெட்டுகின்ற பல் அன்று. வெளியே தெரியாத இந்த ஓட்டுக் கண்ணியே. அதைப் பற்றி மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். அந்த மூன்று விடைகளே மூன்று எண்கள்.

முதல் கேள்வி: கண்ணிக்குக் கண்ணி இடைவெளி எவ்வளவு? இதற்குப் 'பிட்ச்' என்று பெயர். சைக்கிள் சங்கிலியை எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். அதில் ஆணிக்கு ஆணி அரை அங்குலம். பல்சக்கரத்திலும் பல்லுக்குப் பல் அதே அளவு. அதனாலேயே அது இசைந்து ஓடுகிறது. சங்கிலி ரம்பத்தில் அடுத்தடுத்த ஆணிகளின் இடைவெளி எல்லா இடத்திலும் ஒன்றாக இருப்பதில்லை. ஆகையால் அடுத்தடுத்த மூன்று ஆணிகளை எடுத்துக்கொண்டு, முதலாவதன் மையத்திலிருந்து மூன்றாவதன் மையம் வரை அளந்து, அதைப் பாதியாக்க வேண்டும். அந்தப் பாதியே பிட்ச். கால் அங்குலம், 0.325 அங்குலம், எட்டில் மூன்று அங்குலம், 0.404 அங்குலம் ஆகியவை வழக்கத்தில் உள்ளவை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. எட்டில் மூன்று அங்குலம் என்றால் கணக்குப்படி 9.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். உண்மையில் அந்தச் சங்கிலியை அளந்தால் 9.3 மில்லிமீட்டரே வரும். பெயர் ஒன்று, அளவு ஒன்று! மேலும் அதே பெயரில் பெரிய யந்திரத்துக்கு ஒரு வகையும், சிறிய யந்திரத்துக்குத் தாழ்ந்த பற்களை உடைய மற்றொரு வகையும் உண்டு. இவற்றை ஒன்றுக்கு ஒன்று மாற்றிப் போடக்கூடாது.

தோட்டத்திலிருந்து வந்த சங்கிலியின் மர்மம் இப்போது விளங்கும். தொழிலாளியின் ரம்பத்துக்கு வேண்டியது 0.325 பிட்ச், 72 ஓட்டுக் கண்ணிகள். ஓர் ஓட்டுக் கண்ணி பிட்சைப் போல் இரு மடங்கு நீளத்தைக் கொள்ளும், அதாவது 16.5 மில்லிமீட்டர். 72-ஆல் பெருக்கினால் 1,188 மில்லிமீட்டர். தோட்டத்துச் சங்கிலி எட்டில் மூன்று வகை. அதில் 64 கண்ணிகள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் 18.6 மில்லிமீட்டர், பெருக்கினால் 1,190. இரண்டின் நீளமும் ஒன்றே என்னலாம். நான் நீளத்தைப் பார்த்தேன். தொழிலாளி பல்சக்கரத்தைப் பார்த்தார். அந்தச் சக்கரத்தின் பள்ளங்களில் இந்தக் கண்ணிகள் இறங்கவில்லை. பல்லின் தலைமேல் ஏறி உட்கார்ந்தன. யந்திரத்தை முடுக்கியிருந்தால் சங்கிலி துள்ளிக் கழன்றிருக்கும், அல்லது அறுந்திருக்கும். முழு வேகத்தில் அது மணிக்கு 70, 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இரண்டாவது கேள்வி: ஓட்டுக் கண்ணியின் கனம் எவ்வளவு? இதற்குக் 'கேஜ்' என்று பெயர். இந்தச் சொல்லை எங்கள் வட்டாரத்து மாணவர்களுக்கு விளக்க வேண்டியதே இல்லை. கீழக்கடையம் ரயில் நிலையத்தின் வழியாகப் பல்லாண்டு காலம் மீட்டர் கேஜ் வண்டி ஓடியது. தண்டவாளங்களின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். 2012-இல் அது 1,676 மில்லிமீட்டர் அகலப் பாதையாயிற்று. அன்று முதல் பழைய வண்டிகள் அந்தப் பாதையில் ஓட முடியாமற் போயின. ரம்பத்தின் காடியும் ஒரு பாதையே. கண்ணியின் கனமும் காடியின் அகலமும் ஒத்திருக்க வேண்டும். பெரும்பாலும் வழங்குபவை 0.043, 0.050, 0.058, 0.063 அங்குலங்கள், மில்லிமீட்டரில் முறையே 1.1, 1.3, 1.5, 1.6. கனத்த கண்ணி காடிக்குள் நுழையாது; தவறு உடனே தெரிந்துவிடும். மெல்லிய கண்ணியோ சுலபமாக நுழைந்துவிடும். அபாயம் அங்கேதான் இருக்கிறது. அது காடிக்குள் சாய்ந்து சாய்ந்து ஓடும். அறுப்பு கோணலாகும், காடி தேயும், சங்கிலி கழலவும் கூடும். 1.3-க்கும் 1.5-க்கும் உள்ள வித்தியாசம் உங்கள் நோட்டுப் புத்தகத்தின் இரண்டு தாள் கனமே. கண்ணால் இதைக் கண்டுபிடிக்க இயலாது. வெர்னியர் அளவுகோல் வேண்டும். பௌதிகச் சோதனைச் சாலையில் நீங்கள் கையாளும் அதே கருவிதான்.

மூன்றாவது கேள்வி: ஓட்டுக் கண்ணிகள் எத்தனை? இங்கேதான் நான் பிழை செய்தேன். 18 அங்குலம் என்பது பட்டையின் நீளம். அதுவும் யந்திரத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியின் ஏறத்தாழக் கணக்கு. யந்திரத்தின் உள்ளே மறைந்திருக்கும் நீளமும், பல்சக்கரம் இருக்கும் தூரமும் யந்திரத்துக்கு யந்திரம் வேறுபடும். 0.325 பிட்ச் உள்ள 18 அங்குலப் பட்டைகளிலேயே ஒன்றுக்கு 68 கண்ணிகள், மற்றொன்றுக்கு 72, இன்னொன்றுக்கு 74 என்று அமைவதுண்டு. பையன் வாங்கி வந்தது 68 கண்ணிச் சங்கிலி. நான்கு கண்ணிகள் குறைவு, நான்கை 16.5-ஆல் பெருக்கினால் 66 மில்லிமீட்டர். சங்கிலியை இறுக்கவும் தளர்த்தவும் ஒரு திருகு இருக்கிறது. ஆனால் அவ்வளவு பெரிய குறையை அது ஈடு செய்யாது.

சரி, இந்த எண்களை எங்கே காண்பது? பெரும்பாலான பட்டைகளில், யந்திரத்தை ஒட்டிய அடிப்பகுதியில், மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். எண்ணெயும் மரத்தூளும் படிந்து மறைத்திருக்கும். துடைத்துப் பார்க்க வேண்டும். சங்கிலியின் கண்ணிகளிலும் சில எண்கள் காணப்படும். அவை பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் குறிகளே அன்றி அளவுகள் அல்ல. ஒரு கம்பெனியின் குறியை மற்றொரு கம்பெனியின் குறியோடு ஒப்பிட்டு மயங்கக்கூடாது.

பொறித்தது தேய்ந்து போயிருந்தால் நாமே அளக்கலாம். யந்திரத்தை நிறுத்தி, ஆறவிட்டு, தீப்பொறிக் கட்டையின் வயரைக் கழற்றிவிட்டுக் கையுறை அணிந்து சங்கிலியைக் கழற்றுங்கள். ஓர் ஓட்டுக் கண்ணியில் சாக்கட்டியால் அடையாளம் வைத்து, அங்கிருந்து எண்ணத் தொடங்கி மீண்டும் அதே இடத்துக்கு வாருங்கள். கனத்தை வெர்னியரால் அளந்து கொள்ளுங்கள். பிட்சுக்கு மூன்று ஆணிகளை மட்டும் அளந்தால் சிறு பிழையும் பெரிதாகத் தோன்றும். 21 ஆணிகளை எடுத்து, முதலுக்கும் கடைசிக்கும் உள்ள தூரத்தை 20-ஆல் வகுத்தால் பிழை குறையும். 165 மில்லிமீட்டர் வந்தால் அது 0.325 வகை, 186 வந்தால் எட்டில் மூன்று வகை. பழைய சங்கிலி தேய்ந்து சற்று நீண்டிருக்கும் என்பதையும் மனத்தில் கொள்ளுங்கள்.

மூன்று எண்களும் பொருந்திய பிறகே பல்லின் வடிவத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். சதுர முனையுள்ள பல் சுத்தமான மரத்தில் வேகமாக அறுக்கும். முனை சற்று வளைந்த பல் வேகத்தில் குறைந்தாலும், புழுதி படிந்த தெரு மரங்களில் நீண்ட நேரம் கூர் மழுங்காமல் உழைக்கும். அரமும் பிட்சைப் பொறுத்தே அமைய வேண்டும்: 0.325 வகைக்கு 4.8 மில்லிமீட்டர் உருட்டரம். பெரிய யந்திரத்துக்குரிய எட்டில் மூன்று வகைக்கு அதைவிடச் சற்றுப் பருத்த அரம். பல்சக்கரம் தேய்ந்திருந்தால் அதையும் மாற்றிவிட வேண்டும். தேய்ந்த சக்கரம் புதுச் சங்கிலியையும் விரைவில் கெடுத்துவிடும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் ஊருக்கு மேற்கேயுள்ள காடு 1988-இல் அமைந்த களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தது. அங்கே இந்த யந்திரத்துக்கு வேலையில்லை. விழுந்த மரம் வழியை அடைக்கும்போதுதான் அது நமக்குத் துணைவன்.

அந்த இரவுக்குப் பிறகு அந்தத் தொழிலாளி தமது ரம்பத்தின் பெட்டியில் வெள்ளை வர்ணத்தால் எழுதி வைத்திருக்கிறார்: 0.325, 0.058, 72. மாற்றுச் சங்கிலி ஒன்றும் உள்ளே இருக்கிறது. அடுத்த ஆடியில் ஒரு வேப்பமரம் விழுந்தது. இடையிலே சங்கிலி மழுங்கியது. மாற்றுச் சங்கிலியைப் பூட்டிக்கொண்டு ஒரு மணி நேரத்தில் வழியைத் திறந்துவிட்டார். இம்முறை நான் யோசனை எதுவும் சொல்லவில்லை. விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.