வக்காலத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு

வழக்கில் தோற்றவர்கள் வக்கீலைக் குறை சொல்வது இயல்புதானே என்று வழக்கறிஞர்கள் சொல்வதுண்டு. ஆனால் கட்சிக்காரர்கள் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டால், தோல்வியைப் பற்றிய புலம்பல் அதில் குறைவாகவே இருக்கும். அடுத்த வாய்தா எப்போது என்று தெரிவதில்லை, போன் செய்தால் எடுப்பதில்லை, ஸ்டாம்புக்கு, குமாஸ்தாவுக்கு, காப்பி போட என்று அவ்வப்போது வாங்கிய பணத்துக்குக் கணக்கு இல்லை, வேறு வக்கீலிடம் போகிறேன் என்றால் கேஸ் கட்டு கைக்கு வருவதில்லை. ஜெயித்தவர்களிடமும் இதே குறைகள் உண்டு. எல்லா வழக்கறிஞர்களும் இப்படி இல்லை. நேர்மையாகவும் உயிரைக் கொடுத்தும் உழைப்பவர்கள் ஒவ்வொரு கோர்ட்டிலும் இருக்கிறார்கள். ஆனாலும் ஒரே மாதிரியான குறை ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பக் கேட்கிறது என்றால், அதைத் தனிமனிதர்களின் குணக்கேடு என்று ஒதுக்கிவிட முடியாது. கட்சிக்காரருக்கும் வக்கீலுக்கும் இடையிலான உறவு நம் நாட்டில் ஏறக்குறைய முழுக்க வாய்ப்பேச்சில் நடக்கிறது. என் பார்வையில் கோளாறின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த உறவில் பொதுவாக இருக்கும் ஒரே காகிதம் வக்காலத்து. அச்சடித்த அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடும்போது, தனக்காக ஆஜராகவும், மனுக்கள் தாக்கல் செய்யவும், பல சமயம் சமரசம் பேசவும் கோர்ட்டில் கட்டிய பணத்தைத் திரும்பப் பெறவும்கூட கட்சிக்காரர் அதிகாரம் கொடுத்துவிடுகிறார். பதிலுக்கு அவர் கையில் எதுவும் வருவதில்லை. ஃபீஸ் எவ்வளவு, எந்தக் கட்டத்துக்கு எவ்வளவு, வாய்தாவுக்கு வக்கீல் வராவிட்டால் யார் வருவார், தாக்கல் செய்த மனுவின் நகல் கிடைக்குமா, இவற்றில் ஒன்றும் எழுத்தில் கிடையாது. கீழ்க்கோர்ட்டில் தமிழ் இருந்தாலும் உயர் நீதிமன்றத்தில் எல்லாம் ஆங்கிலம். தன் பெயரில் என்ன தாக்கலாகியிருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது.

இதன் விளைவு சில சமயம் மிகக் கொடுமையானது. சிவில் வழக்கில் எதிருரை தாக்கல் செய்ய 30 நாள், அதிகபட்சம் 90 நாள் என்று சட்டம் கெடு வைத்திருக்கிறது. அதைத் தவறவிட்டு வாய்தாவுக்கும் யாரும் போகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு வந்துவிடும். அதை ரத்து செய்யக் கோரும் மனுவுக்கும் 30 நாள்தான். கட்சிக்காரரோ எல்லாம் நடந்துகொண்டிருக்கிறது என்று நம்பியிருப்பார். கோர்ட் அமீனா வீட்டு வாசலில் வந்து நிற்கும்போதுதான் விஷயமே தெரியவரும். வக்கீலின் தவறுக்குக் கட்சிக்காரரைத் தண்டிக்கலாமா என்ற கேள்வி 1981-இல் ரஃபீக் எதிர் முன்ஷிலால் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. வக்கீலை அமர்த்தி, விவரம் சொல்லி, ஃபீஸும் கொடுத்த பிறகு, கட்சிக்காரர் அவரை நம்பியிருப்பதில் தவறில்லை. வக்கீல் வராததால் அவர் நஷ்டப்படக் கூடாது என்றது நீதிமன்றம். ஆனால் 1993-இல் சலீல் தத்தா வழக்கில் அதே நீதிமன்றம், இதை எல்லா வழக்குக்கும் பொருந்தும் விதியாக எடுத்துக்கொள்ள முடியாது, பழியை வக்கீல் மேல் போட்டுவிட்டுத் தப்பிக்கவும் முடியாது என்றது. இரண்டு தீர்ப்புக்கும் நியாயம் உண்டு. வக்கீல் சொல்லவே இல்லையா, சொல்லியும் கட்சிக்காரர் அலட்சியமாக இருந்தாரா என்பதைத்தான் ஒவ்வொரு வழக்கிலும் பார்க்க வேண்டியிருக்கிறது. வாய்ப்பேச்சில் நடந்த உறவில் அதை எப்படி நிரூபிப்பது?

பண விஷயத்திலும் இதே கதைதான். இந்திய பார் கவுன்சிலின் நடத்தை விதிகள் உண்மையில் நல்ல விதிகள். கட்சிக்காரரிடம் வாங்கிய பணத்துக்கு வக்கீல் கணக்கு வைக்க வேண்டும். அது ஃபீஸா செலவா என்று குறிக்க வேண்டும். கேட்டால் கணக்கின் நகலைக் கொடுக்க வேண்டும். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசக் கூடாது, கிடைக்கும் தொகையில் பங்கு கேட்கவும் கூடாது. ஆனால் விபத்து இழப்பீட்டு வழக்குகளில் சதவீதம் பேசுவது எவ்வளவு சகஜம் என்பது கோர்ட் வாசலில் நிற்கும் எவருக்கும் தெரியும். 2017-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த தெலுங்கானா வழக்கு ஒன்றில், விபத்தில் கணவரை இழந்த பெண் 10 லட்சம் ரூபாய் ஃபீஸ் கொடுத்த பிறகும் மேலும் 3 லட்சத்துக்கு செக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த செக் பணமில்லாமல் திரும்பியதும் வக்கீல் அவர் மேலேயே கிரிமினல் வழக்குப் போட்டார். இழப்பீட்டுத் தொகையில் சதவீதம் கேட்பது தொழில் நெறிக்கும் பொதுக் கொள்கைக்கும் விரோதம் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்த வழக்கை ரத்து செய்தது. வழக்கறிஞர் கட்டணத்தை ஒழுங்குபடுத்த வேண்டும் என்று சட்ட ஆணையம் 1988-லேயே, தன் 131-வது அறிக்கையில் சொன்னதையும் நினைவுபடுத்தியது. கட்டு விஷயத்தில் சட்டம் இன்னும் தெளிவு. ஃபீஸ் பாக்கி என்பதற்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது, பாக்கியை வசூலிக்க வேறு வழி இருக்கிறது என்று 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பாகிவிட்டது. ஆக, விதிகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பிடித்துக்கொண்டு கேட்பதற்கான ஆதாரம்தான் கட்சிக்காரர் கையில் இல்லை.

சரி, ஆதாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போவது? 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி மாநில பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் சேர்த்து ஒரே கவுன்சில். அதன் ஒழுங்கு நடவடிக்கைக் குழுவில் மூன்று பேர், மூவரும் வழக்கறிஞர்கள். அவர்களில் இருவர் கவுன்சிலின் உறுப்பினர்கள்; அந்தக் கவுன்சில் வழக்கறிஞர்களின் ஓட்டில் அமைவது. அவர்கள் நேர்மையற்றவர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் தனக்கு ஓட்டுப் போடுகிறவர்கள் மீதான புகாரைத் தானே விசாரிக்கும் ஏற்பாட்டை வேறெந்தத் துறையிலாவது நாம் ஏற்றுக்கொள்வோமா? ஓராண்டுக்குள் புகார் முடியாவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்குப் போகும். குற்றம் உறுதியானால் கண்டிக்கலாம், தற்காலிகமாக நீக்கலாம், பெயரையே பட்டியலிலிருந்து எடுக்கலாம். கட்சிக்காரர் இழந்ததை ஈடுகட்டச் சொல்லும் பிரிவு மட்டும் கிடையாது. அதைச் சேர்க்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2017-இல் பரிந்துரைத்தது. வழக்கறிஞர்கள் எதிர்த்துப் போராடினார்கள். 2025 பிப்ரவரியில் வந்த திருத்த மசோதாவின் வரைவும் எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெறப்பட்டது.

நுகர்வோர் நீதிமன்றக் கதவு 2024 மே 14 அன்று மூடப்பட்டது. வழக்கறிஞர் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் அன்று தீர்ப்பளித்தது. சிவில் கோர்ட்டில் நஷ்ட ஈடு கேட்கலாம். வக்கீல் என்பதாலேயே கவனக்குறைவுக்கான பொறுப்பிலிருந்து ஒருவர் தப்ப முடியாது என்று 1926-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று சொல்கிறது. ஆனால் ஒரு வக்கீல் மேல் வழக்குப் போட, அதே ஊரில் இன்னொரு வக்கீலைத் தேடி அலைய வேண்டும்.

2024 தீர்ப்பின் காரணத்தைக் கவனிக்க வேண்டும். வக்கீல் தன்னிச்சையாக எதையும் விட்டுக்கொடுக்க முடியாது, கட்சிக்காரரின் வெளிப்படையான அறிவுறுத்தல்படியே நடக்க வேண்டியவர், ஆகவே கணிசமான அளவு நேரடிக் கட்டுப்பாடு கட்சிக்காரர் கையில்தான் இருக்கிறது என்பது நீதிபதிகளின் வாதம். சட்டத்தில் அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அடுத்த வாய்தா எது, என்ன மனு போடப்பட்டது, எவ்வளவு செலவானது என்று தெரியாத ஒருவர் யாரை, எப்படிக் கட்டுப்படுத்துவார்? கட்டுப்பாடு கட்சிக்காரர் கையில் என்பதைக் காரணம் காட்டி ஒரு பாதுகாப்பை எடுத்துவிட்டால், அந்தக் கட்டுப்பாட்டை உண்மையாக்கும் தகவலையாவது அவருக்குக் கொடுத்தாக வேண்டும். அதனால்தான் எழுத்துபூர்வமான ஒப்புதல் சீட்டைக் கட்டாயமாக்க வேண்டும் என்கிறேன். என்ன வேலை, கட்டத்துக்குக் கட்டம் என்ன ஃபீஸ், பணத்துக்கு ரசீது, தாக்கலாகும் ஒவ்வொன்றுக்கும் நகல், வாய்தா முடிந்ததும் போனில் ஒரு குறுஞ்செய்தி. ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்.

வழக்கறிஞர்கள் தரப்பில் இதற்கு வலுவான ஆட்சேபங்கள் உண்டு. ஒரு சிவில் வழக்கு எத்தனை ஆண்டு ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது, ஃபீஸை எப்படி முன்கூட்டியே எழுதுவது என்பார்கள். மொத்தத் தொகையை எழுத வேண்டியதில்லை. எதிருரை, சாட்சி விசாரணை, வாதம், மேல்முறையீடு என்று கட்டம் பிரித்து எழுதினால் போதும். கட்சிக்காரர்களும் உண்மையை மறைக்கிறார்கள், ஜெயித்த பிறகு பேசிய பணத்தைத் தராமல் நழுவுகிறார்கள் என்பது அடுத்த வாதம். இது முழுக்க உண்மை. சீனியரிடமிருந்து பிரிந்து தனியாகத் தொழில் தொடங்கிய இளம் வக்கீல்கள் இதில் படும் பாடு கொஞ்சமல்ல. அந்த ஒரு பக்கச் சீட்டு முதலில் காப்பாற்றப்போவது அவர்களைத்தான். வக்கீல் நீதிமன்றத்தின் அதிகாரி, கட்சிக்காரர் சொல்வதற்கெல்லாம் ஆட முடியாது என்பார்கள். ஆட வேண்டாம், எந்த வாதத்தை வைப்பது, எந்தச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்வது என்பதில் அந்தச் சீட்டு தலையிடவில்லை. இந்தத் தொழிலே நம்பிக்கையில் நிற்பது, காகிதம் அதைக் கெடுத்துவிடும் என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. அண்ணன் தம்பிக்குள் பாகப் பிரிவினை என்றாலும் எழுதிப் பதிவு செய்துவிடுங்கள் என்று ஊருக்குச் சொல்பவர்களே வக்கீல்கள்தான். அந்த நல்ல ஆலோசனை அவர்கள் ஆபீசுக்கும் பொருந்தும்.

இப்போது எல்லாமே இணையத்தில் இருக்கிறதே என்று கேட்கலாம். இ-கோர்ட்ஸ் செயலியில் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா தெரிந்துவிடும் என்பது பெரிய முன்னேற்றம்தான். ஆனால் தேதி தெரிவதும் வழக்கில் என்ன நடக்கிறது என்று புரிவதும் வேறு வேறு. தள்ளிப்போனதற்கு நம் வக்கீல் வராதது காரணமா, நீதிபதி விடுப்பா, கோர்ட் புறக்கணிப்பா என்பதை வக்கீல்தான் விளக்க வேண்டும். வக்கீல்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2002-இல் தீர்ப்பளித்த பிறகும் புறக்கணிப்பு நின்றபாடில்லை.

எழுத்துபூர்வமான சீட்டைக் கட்டாயமாக்கப் புதிய சட்டம் தேவையில்லை. நடத்தை விதிகளை வகுக்கும் அதிகாரத்தை வழக்கறிஞர்கள் சட்டத்தின் 49-வது பிரிவு இந்திய பார் கவுன்சிலுக்கே கொடுத்திருக்கிறது. இந்தியத் தலைமை நீதிபதி ஒப்புதல் அளித்தால் போதும். கவுன்சில் அதைச் செய்ய வேண்டும். அதுவரை, வக்கீல் வைக்கப்போகிறவர்கள் நான்கு விஷயங்களில் தயக்கம் காட்டாதீர்கள்: பணத்தை வங்கி வழியாகக் கொடுங்கள், சி.என்.ஆர். எண்ணைக் கேட்டு வாங்குங்கள், தாக்கலாகும் ஒவ்வொன்றுக்கும் நகல் கேளுங்கள், வெற்றுத்தாளிலோ எழுதாத செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் எதுவாக இருந்தாலும் இலவசமாக வக்கீல் பெறும் உரிமை உண்டு. அதற்கான சட்ட உதவி எண் 15100.