மூலக்கதையும் மறுபடைப்பும்

ஜப்பானில் 1997இல் வெளிவந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7' என்னும் கணினி விளையாட்டு, 2020இல் மறுபடைப்பாக வந்தபோது அதன் கதைப்போக்கு மாற்றப்பட்டிருந்தது. ஆடுவோரில் சிலர் மகிழ்ந்தனர்; சிலர் வருந்தினர். மறுபடைப்பாளர் மூலக்கதையை மாற்றலாமா?

இவ்வினா தமிழுக்குப் புதிதன்று. வான்மீகியின் இராவணன் சீதையைக் கையால் பற்றித் தூக்குகிறான். கம்பரின் இராவணன் குடிலை நிலத்தோடு பெயர்த்துச் செல்கிறான். வாலி இறந்தபின் வான்மீகியின் தாரை சுக்கிரீவனோடு வாழ்கிறாள். கம்பரின் தாரையோ கைம்மை நோற்கிறாள். வான்மீகியில் இல்லாத இரணியன் வதைப் படலத்தையும் கம்பர் சேர்த்தார். தமிழ்ப் பண்பாட்டை உளங்கொண்டு செய்த மாற்றங்கள் இவை. சிறையெடுப்பு, போர், மீட்சி எனும் கதையின் முதுகெலும்பை அவர் மாற்றவில்லை. எனவே, தக்க காரணமுள்ள மாற்றம் குற்றமாகாது.

ஆயினும் ஒன்று கருதத்தக்கது. வான்மீகி நூல் இன்றும் நிலவுவதாலன்றோ கம்பரின் மாற்றத்தை ஒப்பிட்டுச் சுவைக்கின்றோம்! அச்சுத்தொழிலில் பெயர்பெற்ற சிவகாசியை அடுத்து வாழும் நாம், படிகள் பெருகினால் நூல் நிலைக்கும் என்பதை அறிவோம். விளையாட்டுக்கோ அதனை இயக்கும் கருவியும் வேண்டும். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த விளையாட்டுகளில் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என 2023இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. மறுபடைப்பாளர் கதையை மாற்றட்டும், மூலத்தை மறையவிடலாகாது. மூலம் மறைந்தால், மாறியது இன்னதென்று கூறவும் எவரும் இரார்.